மிகப் பணிவுடன் நடுங்கிக்கொண்டு, அவன்

போன மழையில் தகரப்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. காகிதங்களை வெயிலில் பரப்பியபோது, இளவயதில் நான் இங்கிலீஷில் எழுதிய ஒரு மனுவின் நகல் கையில் அகப்பட்டது. பூச்சி ஓரங்களை மட்டும் தின்றிருந்தது. வாக்கியங்களைத் தொடவில்லை. அதற்கும் குமட்டியிருக்கும்.

அப்போது நான் கோலாலம்பூரில் ரயில்வே அலுவலகம் ஒன்றில் கடைசி மேசைக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டு வாசலில் நாலைந்து பேர் நிற்பார்கள். லீவு வேண்டும், மாற்றல் வேண்டும், கூரை ஒழுகுகிறது. எல்லாருக்கும் மனு எழுதுவேன். காசு வாங்கமாட்டேன். வாழைத்தார் வாங்குவேன், கோழி வாங்குவேன், புகழ்ச்சியை மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்குவேன். "கிராணி எழுதினா தொர எந்திரிச்சு நின்னு படிப்பாராம்" என்று யாரோ கிள்ளான் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார்கள். நான் மறுக்கவில்லை. துரை எப்படிப் படிப்பார் என்று நான் பார்த்ததே இல்லை.

என் இங்கிலீஷ் மூன்று டப்பாக்களில் இருந்தது. முதல் டப்பாவில் ஹம்ப்ளி, ரெஸ்பெக்ட்ஃபுல்லி போன்ற வினையடைகள்: பணிவாக, மரியாதையாக. இரண்டாவதில் பெக்கிங், ட்ரெம்ப்ளிங் போன்ற எச்சங்கள்: கெஞ்சிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு. மூன்றாவது சின்ன டப்பா. அதில் நான், நீ, அவன். வெள்ளைக்காரனும் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பேசுகிறான். 'வேகமாக நடந்து நான் ரயிலைப் பிடித்தேன்' என்பான். டப்பாவுக்கு ஒன்று எடுத்தான், ரயிலைப் பிடித்தான், முடிந்தது. நான் முதல் டப்பாவிலிருந்து ஐந்தும் இரண்டாவதிலிருந்து நாலும் எடுப்பேன். அதற்குள் ரயில் கிள்ளான் போய்ச் சேர்ந்துவிடும்.

'நான்' என்ற சொல்லை மட்டும் எடுக்கவே மாட்டேன். துரைக்கு முன்னால் 'நான்' என்பது திமிர். ஆகவே மனு கொடுப்பவன் தன்னையே 'அவன்' என்று சொல்லிக்கொள்வான். ஐந்து வினையடைகள் முதலில் மண்டியிடும், நாலு எச்சங்கள் அழும், எல்லாம் அழுது முடித்த பிறகு பின்னாலிருந்து அந்த 'அவன்' மெல்லத் தலையை நீட்டுவான். இதை எழுதிவிட்டு நானே ரசித்து இன்னொரு தரம் படிப்பேன். இப்போது நினைத்தால் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

இதற்கு மேல் நம்மவர் பழக்கம் ஒன்றையும் ஒட்டவைப்பேன். நமக்கு எதைத் தொடங்கினாலும் குற்றங்குறை பொறுக்கச் சொல்லவேண்டும். கல்யாணப் பந்தியில் பாயசம் தேனாக இனித்தாலும் சொல்வோம். எந்தக் குற்றம், எந்தக் குறை என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. என் மனுக்களிலும் முதல் வாக்கியம் அதுதான்.

ஒரு ஞாயிறு, கிள்ளான் லைனில் தண்டவாளம் போடும் கூலிக் கேங்கில் வேலை பார்த்த ஒருவர் கம்பு ஊன்றி வந்தார். கூட அவர் மனைவி. தண்டவாளத்தைத் தூக்கிய நாலு பேரில் இரண்டு பேர் கையை விட்டதில் அவருடைய இடது பாதம் நசுங்கிவிட்டது. கேங்கில் இனி எடுக்கமாட்டார்கள். மாதக் கடைசிக்குள் வேறு வேலை இல்லையென்றால் ரயில்வே கொடுத்த லயத்து வீட்டைக் காலிபண்ணிக்கொண்டு இருவரும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறவேண்டும்.

"அங்க எனக்கு ஒருத்தரும் இல்லீங்க ஐயா" என்றார். "கிள்ளான் பக்கம் ஒரு கேட்டு காலியா கெடக்கு. ரயிலு வந்தா மூடணும், போனா தொறக்கணும். இந்தக் காலு அதுக்குப் போதும். கூட ஒரு குடிசையும் குடுப்பாங்க. அதைக் கேட்டு எழுதுங்க."

எழுதவேண்டியது அவ்வளவுதான். அவர் சொன்னதை அப்படியே இங்கிலீஷில் வைத்திருந்தால் துரை கோப்பி ஆறுவதற்குள் படித்திருப்பார். நான் நாலு பக்கம் எழுதினேன். எழுதியதைத் தமிழில் படித்தும் காட்டினேன்.

"மிகப் பணிவுடனும் மரியாதையுடனும் நடுங்கிக்கொண்டு, தன்னுடைய எல்லாக் குற்றங்களுக்கும் மன்னிப்பு வேண்டிக்கொண்டு, தங்கள் பாதத்தூசியாகிய அவன்..."

"இருங்க" என்றார் மனைவி. "மன்னிப்பு எதுக்கு? இவரு என்னா தப்பு பண்ணாரு?"

"அது ஒரு மரியாதைக்குத்தான்."

"கையை விட்டவனுங்க ரெண்டு பேரும் சும்மா இருக்கானுங்க. காலு போனவரு மன்னிப்பு கேக்கணுமா?"

"ஏ, சும்மா இருலா" என்று கணவர் அதட்டினார். "இங்கிலீசுல அப்படித்தான் எழுதுவாங்க. ஐயா, இன்னும் ரெண்டு நடுக்கம் சேத்துப் போடுங்க."

சேர்த்துப் போட்டேன். அவர் பெருவிரலை மையில் அழுத்தி உருட்டினார்.

பத்து நாள் கழித்து அந்த மனு என் மேசைக்கே வந்தது. ஓரத்தில் துரை நீலப் பென்சிலால் எழுதியிருந்தார்: விபத்து தன் குற்றமென்று ஒப்புக்கொள்கிறான். கேட்டுக்கு ஆகமாட்டான். ஊருக்கு அனுப்பவும்.

மறுப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்யவேண்டியது நான். இயந்திரத்தில் காகிதத்தைச் செருகினேன். 'ஆழ்ந்து வருந்திக்கொண்டு, நான்' என்று விரல் தானாகவே தட்டியது. அதே டப்பாக்கள், அதே சேர்மானம். துரையின் பெயரில் போகும் கடிதம் என்பதால் இதில் மட்டும் 'நான்' நிமிர்ந்து நின்றது. காகிதத்தை உருவிப் போட்டுவிட்டு மனுவை எடுத்துக்கொண்டேன்.

பெரிய கிராணியிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்; அலுவலகத்தைக் கந்தோர் என்பார், நாற்காலியைக் கதிரை என்பார். மனுவை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் படித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன காணும், இது உம்மட கைவேலையோ?"

தலையாட்டினேன்.

"கந்தோர்ச் சம்பளத்தில இருந்துகொண்டு கந்தோருக்கே மனு எழுதிறது விதிப்படி பிழை எண்டு தெரியும்தானே? துரையிட்டச் சொன்னா உம்மட கதிரை போகும். சொல்லாட்டி அந்த மனுசன் கப்பல் ஏறுவான். ரெண்டில ஒண்டைப் பாரும். நான் ஒண்டும் கேக்கேல்லை."

அன்று மத்தியானம் வரைக்கும் கதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பிரம்புக் கதிரை. சாப்பாட்டு மணி அடித்தபோது, 'மன்னிப்பு எதுக்கு?' என்று அந்த மனைவி கேட்டது நினைவுக்கு வந்தது. எழுந்து துரையின் அறைக்குப் போனேன்.

உள்ளே இன்னொரு வெள்ளைக்காரரும் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். "மிகப் பணிவுடன் வேண்டிக்கொண்டு, துரை அவர்களே, அவன்..."

"யார் அவன்?" என்றார் துரை.

டப்பா மூன்றும் காலி. கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "நான் எழுதினேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அவர்மேல் குற்றம் இல்லை." இங்கிலீஷில் நான் ஒழுங்காகப் பேசிய முதல் மூன்று வாக்கியங்கள் அவை.

துரை மனுவை வாங்கி நண்பருக்கு உரக்க வாசித்தார். 'நடுங்கிக்கொண்டு' வரும் இடத்திலெல்லாம் தேநீர்க் கோப்பையைத் தட்டோடு கடகடவென்று ஆட்டினார். பாதத்தூசி வந்ததும் நண்பர் பூட்ஸைத் தூக்கித் தட்டிக் காட்டினார். இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். கூடவே, அவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக.

"அந்தக் கேட்டை அவனுக்கே கொடு" என்றார் துரை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரயில் வரும்போது மட்டும் நடுங்காமல் இருக்கச் சொல்." என் கதிரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோமாளியை யார் வேலையிலிருந்து நீக்குவார்கள்?

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, கேட்டுக்காரர் பெரிய வாழைத்தார் ஒன்றுடன் வந்து நின்றார். கூட மனைவியும், கேங்கிலிருந்து புது ஆட்கள் இரண்டு பேரும்.

"பாத்தீங்களாடா, இவருதான்" என்று அவர் அவர்களிடம் சொன்னார். "இவரு நடுங்குனா அரசாங்கமே நடுங்கும். ஐயா, இவனுங்களுக்கும் அதே மாதிரி எழுதுங்க. அந்த மன்னிப்பு இருக்குல்ல, அதை மறக்காதீங்க. அதுதான் தொர மனசைத் தொட்டுருச்சு."

அலுவலகத்தில் நடந்ததைச் சொல்ல நாக்கு வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். விழுங்கிக்கொண்டேன்.

உட்கார்ந்து எழுதினேன். பணிவு போட்டேன், மரியாதை போட்டேன், அவர்கள் எண்ணிப் பார்ப்பதுபோல் நின்றதால் ஆளுக்கு இரண்டு நடுக்கமும் போட்டேன். மன்னிப்பு வரும் இடத்தில் பேனாவை எடுத்துவிட்டு, 'நான்' என்று எழுதி, அவனவன் கேட்டதை ஒரே வரியில் முடித்தேன்.

"மன்னிப்பு போட்டாச்சா ஐயா?" என்றான் ஒருவன்.

"போட்டாச்சு."

"எங்க, படிங்க பாப்போம்" என்றார் மனைவி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு.

காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத மன்னிப்பை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். ஆண்கள் மூவரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அந்த அம்மாள் மட்டும், "கருமம்" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.