பிடிச்சுக்குவாங்க...

போன ஞாயிறு காலை, பக்கத்து வீட்டு மாலதி கைக்குழந்தையோடு என் வாசலில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா... அவருக்கு வேற யாரோ இருக்காங்க போல."

அவள் கணவன் ரவி, சீகிரியாவில் ஒரு ஹோட்டல் கிச்சனில் வேலை. லீவில் எங்கள் ஊர் பலாபத்வலைக்கு வந்தால் குழந்தையைக் கீழே இறக்கிவிடாத மனுஷன். கொஞ்ச நாளாக போன் அடித்தால் வெளியே போய்விடுகிறானாம். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறானாம். கடைசியாக, லீவுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். எந்தப் பெண்தான் வேறு மாதிரி நினைப்பாள்?

நான் ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டு முன்னால் ஒரு மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. டை கட்டிய இரண்டு பேர். "ரவி மாத்தயா" வீட்டில் இருக்கிறாரா என்று சிங்களத்தில் விசாரித்தார்கள். தெரு முழுக்கக் கேட்டது. கிரெடிட் கார்ட் பாக்கியாம். பேங்கிலிருந்து எத்தனை தடவை போன் அடித்தும் பதில் இல்லையாம்.

ஒருவரை 'மாத்தயா' என்று மரியாதையாகக் கூப்பிட்டே அவர் மானத்தை வாங்கிவிட முடியும். அன்று கண்ணால் பார்த்தேன்.

அவர்கள் போன பிறகு மாலதி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேற ஒருத்தின்னா சண்டை போட்டுத் தொரத்திறலாம் அக்கா. இவங்கள என்ன செய்யிறது?"

சாயங்காலமே ரவியை வரவழைத்தோம். குனிந்த தலை நிமிரவில்லை. மாலதியின் பிரசவம் சிக்கலாகி, தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தபோது அந்தக் கார்டில்தான் பில் கட்டியிருக்கிறான். அவளிடம் 'ஹோட்டல்ல அட்வான்ஸ் எடுத்தேன்' என்று சொல்லிவிட்டான்.

சரி... ஏன் திருப்பிக் கட்டவில்லை?

"அவங்களே பிடிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன் அக்கா. சம்பளம் அதே பேங்குக்குத்தானே வருது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரவி தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அங்கே தீபாவளி அட்வான்ஸ், அரிசி, கோதுமை மா, தொழிற்சங்கச் சந்தா, கோயில் காசு... எல்லாமே சம்பளத்தில் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் கைக்கு வரும். கடனைத் தேடிப்போய்க் கட்டுகிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. சம்பளம் குறையாமல் வந்தபோது, 'பேங்க் பெரிய எடம், மெதுவாப் பிடிப்பாங்க' என்று இருந்துவிட்டான். இங்கிலீஷில் வந்த எஸ்.எம்.எஸ்.களை அவன் திறந்தே பார்க்கவில்லை. அவன் பேரில் தப்பே இல்லையா? இருக்கிறது. அந்த எஸ்.எம்.எஸ்.களை யாரிடமாவது காட்டியிருக்கலாம்.

பேங்க் போனில் மிரட்டத் தொடங்கியபோதுதான் புரிந்திருக்கிறது. அதற்குள் வட்டியும் அபராதமும் ஏறி மலைத்துப்போகிற அளவுக்குத் தொகை வந்துவிட்டது.

"வேலைய விட்டுட்டு, யாருக்கும் சொல்லாமக் கொழும்புக்குப் போயிறலாம்னு இருந்தேன் அக்கா."

மாலதி குழந்தையை அவன் மடியில் வைத்தாள். அவ்வளவுதான்.

மறுநாள் மூன்று பேரும் மாத்தளையில் உள்ள கிளைக்குப் போனோம். நடுத்தர வயது அதிகாரி. நல்லாத் தமிழ் பேசினார், நாற்காலி கொடுத்தார். கார்டை நிறுத்திவிடலாம், அபராதத்தில் ஒரு பகுதியைக் கழிக்கலாம், மிச்சத்தைத் தவணைக் கடனாக மாற்றலாம் என்றார். முழு வட்டியையும் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்டுப்பார்த்தேன். மசியவில்லை. இன்னும் சில வருஷங்களுக்கு ரவி கட்டத்தான் வேண்டும். ஆனால் இனி ஓட வேண்டியதில்லை.

"இனி மாசா மாசம் ஒங்க சம்பளத்துலயே நாங்க பிடிச்சுக்குவோம்" என்றார் அதிகாரி.

ரவி அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

"மொதல்லயே இப்படிப் பிடிச்சிருக்கலாமே சேர்?"

"நீங்க கேக்கவே இல்லையே!"

உண்மைதான். அவன் கேட்கவில்லை. கார்டையும்தான் அவன் கேட்கவில்லை. அதை மட்டும் ஹோட்டலுக்கே தேடி வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!