ஒன்பது சதவீதத்தில் நின்றுபோன என் நாவல்

போன செவ்வாய்க்கிழமை ஒரு த்ரீவீலர் சாரதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கூலித் தகராறு இல்லை... நாவல் தகராறு! இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஒரு பெண்கள் பாடசாலை. அதன் நூலகத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகள் சேர்ந்து ஈ-ரீடர்கள் வாங்கி அனுப்பியிருந்தார்கள். ஒரு பள்ளிக் கொப்பியை விடச் சின்னது. உள்ளே ஓர் அலுமாரி நிறையப் புத்தகம். நூலகத்துக்குப் பொறுப்பு பௌசியா ரீச்சர். கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். பிள்ளைகள் ஈ-ரீடரை வீட்டுக்கும் கொண்டுபோனால்தான் வாசிப்பார்கள் என்று அதிபரிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தார். அதிபர் தலையாட்டினார் — ஒரு நிபந்தனையோடு.

"ஒரு தாய் தகப்பன் வந்து முறைப்பாடு சொன்னாலும் போதும். எல்லாத்தையும் அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போடுவன்."

இதில் நான் எங்கே வந்தேன்? அந்த ஈ-ரீடர்களுக்குள் என்னுடைய நாவலும் இருக்கிறது. எழுதியவரே வந்து பேசினால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்று பௌசியா கூப்பிட்டார். புதுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வாசகிகளைப் பார்க்கப் போவதென்றால் சும்மாவா?

நூலகத்துக்குள் போன உடனே பௌசியா என்னை ஓரமாக இழுத்தார். முகம் வாடியிருந்தது.

"அக்கா, பத்தாம் வகுப்புப் பிள்ளை தர்ஷிகாட அப்பா ஈ-ரீடரைப் பறிச்சு வைச்சிருக்கார். போன் எண்டு நினைச்சிட்டார் போல. பள்ளிக்கூடத்துக்கு வந்து கதைக்கிறன் எண்டு சொன்னவராம். இண்டைக்கு மட்டும் வரக்கூடாது. அதிபரும் இருக்கிறா."

தர்ஷிகா கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். பாவம், அவள் மேசையில் மட்டும் ஒன்றும் இல்லை.

நான் பேச ஆரம்பிக்குமுன் ஒரு சின்ன ஆசை. முன் வரிசைப் பிள்ளையிடம் ஈ-ரீடரை வாங்கி என் நாவலைத் திறந்தேன். எதுவரை வாசித்திருக்கிறார்கள் என்று அந்தக் கருவி கீழே காட்டிக்கொடுத்துவிடும். ஒன்பது சதவீதம் என்றது. சரி, இப்போதுதான் தொடங்கியிருப்பாள். அடுத்ததை வாங்கினேன் — ஒன்பது. அதற்கடுத்தது? அதுவும் ஒன்பது!

அச்சுப் புத்தகம் எவ்வளவு நாகரிகமானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்கே மூடி வைத்தார்கள் என்று அது யாரிடமும் சொல்வதில்லை.

"பிள்ளைகள், எல்லாரும் ஏன் ஒரே இடத்தில நிப்பாட்டினீங்கள்?"

ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். கடைசியில் உப்புவெளியிலிருந்து வரும் ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், அதில எங்கட துறைமுகம் வருது."

"ஓம்..."

"துறைமுகம் வந்திட்டுப் போகவே இல்லை, மிஸ். பக்கம் பக்கமா நிக்குது. நாங்க அதைத் தினமும் பஸ்ஸிலயிருந்து பார்க்கிறம்தானே..."

வகுப்பே வெடித்துச் சிரித்தது. நானும்தான். சிரிக்காமல் என்ன செய்வது? விமர்சகர்கள் 'கவித்துவம்' என்று மெச்சிய பக்கங்கள் அவை! ஒரு குளிர்பானப் போத்தலைத் திறந்த மாதிரி பிள்ளைகளுக்குக் கதை பொங்கிக்கொண்டு வந்தது. ஒருத்தி பேய்க் கதைகளை முடித்துவிட்டாளாம். இன்னொருத்தி துப்பறியும் கதை வாசித்துச் சோற்றைக் கருக்கி அம்மாவிடம் ஏச்சு வாங்கினாளாம். வாசிக்கிறார்கள், ஐயா, வாசிக்கிறார்கள்! என்னைத்தான் வாசிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது.

தர்ஷிகா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அப்பா!" என்று அலுமாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பௌசியா ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அதிபர் எழுந்து நின்றார். சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. இந்த ஒரு மனிதர் வாயைத் திறந்தால் போதும், நாளைக்கு இந்தப் பிள்ளைகளின் கையில் ஒன்றும் இருக்காது.

உள்ளே வந்தார். வெயிலில் கறுத்த, நெடிய ஆள். ஒரு கையில் ஈ-ரீடர். நேரே அதிபரிடம் போனார்.

"ரீச்சர், எனக்கு ஒரு முறைப்பாடு சொல்லவேணும்."

பௌசியா கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தக் கதையை எழுதினவ இண்டைக்கு வந்திருக்கிறாவாம். ஆர் அது?"

எல்லா விரலும் என் பக்கம் திரும்பியது. தப்ப வழியில்லை.

"நீங்களோ, அக்கா? அப்ப சொல்லுங்கோ. ரூபன் வந்தானோ, வரேல்லையோ?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் பொறி தட்டியது. ரூபன் — என் நாவலின் கதாநாயகன்! கடைசிப் பக்கத்தில் கதாநாயகி பஸ் நிலையத்தில் அவனுக்காகக் காத்துக்கொண்டு நிற்பாள். அத்தோடு நாவல் முடியும்.

"நீங்க... முழுக்க வாசிச்சீங்களோ?"

"வாசியாமல்? மகள் யாரோட கதைக்கிறாள் எண்டு பார்க்கத்தான் இதைப் பறிச்சனான். திறந்தால் முதல் வரியே என்ன? 'நாளைக்கு ஆறு மணி பஸ்ஸில் வா. யாருக்கும் சொல்லாதே.' எனக்கு நெஞ்சு திக்கெண்டது. எவன் இந்தப் பொடியன் எண்டு பிடிக்கத் தேடிக்கொண்டே போனனான். துறைமுகம் வந்த இடத்தில நித்திரையும் வந்தது. விட்டனானோ? இல்லை. கதை எண்டு விளங்கேக்குள்ள, எனக்கு நிப்பாட்ட ஏலாமல் போச்சு. போன் மாதிரி இல்லை, வெயிலுக்குள்ளயும் எழுத்துத் தெரியுது. ஸ்டாண்டில ஆக்கள் வந்து ஏறி இருந்து, 'அண்ணை, போவமோ?' எண்டு கேட்டும் எனக்குக் கேட்கேல்லை. அவ்வளவு வாசிச்சுக் கடைசியில பார்த்தால்... அந்தப் பிள்ளையை பஸ் ஸ்டாண்டில விட்டிட்டு நீங்க வீட்டை போயிட்டீங்கள்!"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இலக்கியக் கூட்டங்களில் வழக்கமாகச் சொல்லும் பதில் என்னிடம் தயாராக இருந்தது.

"அது... வாசகரே தீர்மானிக்கட்டும் எண்டு விட்டனான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அக்கா, நான் த்ரீவீலர் ஓடுறவன். ஏத்தின ஆளைப் பாதி வழியில இறக்கிப்போட்டு, 'மிச்சத்தை நீங்களே தீர்மானியுங்கோ' எண்டு சொன்னால் எனக்குக் கூலி தருவீங்களோ?"

நூலகத்தில் அமைதி காக்கவும் என்று சுவரில் எழுதியிருக்கிறது. அதற்குக் கீழேயே கைதட்டல்! "வந்தான்!" என்று ஒரு பக்கம் கத்தியது. "வரேல்லை!" என்று இன்னொரு பக்கம். ஒன்பது சதவீதத்தில் நின்றவர்களெல்லாம் என்ன நடந்ததென்று தெரிய ஈ-ரீடரைத் தட்டத் தொடங்கினார்கள் — துறைமுகத்தைத் தாவிக்கொண்டு! அலுமாரிக்குப் பின்னாலிருந்து தர்ஷிகா மெதுவாக வெளியே வந்தாள். வெட்கம் ஒரு பக்கம், பெருமை ஒரு பக்கம். அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அதிபர் மேசையைத் தட்டினார்.

"அப்ப, உங்கட முறைப்பாடு இதுதானோ?"

"இன்னொண்டும் இருக்கு. பிள்ளை இதைத் திருப்பிக் கேட்கிறாள். நான் அடுத்த கதையைத் தொடங்கிட்டன். எனக்கும் ஒண்டு தர ஏலாதோ?"

பௌசியா தயங்கினார். "இது மாணவிகளுக்கு மட்டும்தான், அண்ணை."

"அப்ப என்னை ஒன்பதாம் வகுப்பில சேருங்கோ. எட்டோட நிப்பாட்டினனான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தர்ஷிகா நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது புதுச் செய்தி போலிருந்தது.

அதிபர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெண்கள் பாடசாலையில உங்களைச் சேர்க்க ஏலாது. ஆனால் சனிக்கிழமையில நூலகத்தைத் திறந்து விடலாம். பிள்ளையோட வந்து வாசியுங்கோ." பௌசியா ரீச்சரைப் பார்க்க வேண்டுமே! சனிக்கிழமையும் கிண்ணியாவிலிருந்து பஸ் ஏற வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்த அந்த மனுஷி, பரிசு கிடைத்த பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

பாராட்டுகிறவர் எத்தனையாவது பக்கத்தோடு நிறுத்தினார் என்று நமக்குத் தெரியாது. முடிவைப் பற்றி இப்படித் திட்டுகிறவர் கட்டாயம் கடைசிப் பக்கம் வரை வந்திருப்பார். இனி யாராவது திட்டினால் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பதாக இருக்கிறேன்.

நான் வெளியே வரும்போதும் அந்த த்ரீவீலர் நின்றுகொண்டுதான் இருந்தது. எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. முன்னால் அப்பா, பின்னால் மகள் — "வந்தான் அப்பா!" "வரேல்லை எண்டு சொல்லுறன்!" என்று பலத்த சண்டை. என்னைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் தலையை வெளியே நீட்டினார்கள். நான் கும்பிட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

ரூபன் வந்தானா என்றா கேட்கிறீர்கள்? சத்தியமாக எனக்கும் தெரியாது... அந்த மனிதரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்!