இரண்டு மணித்தியாலம்

கைபேசி விளையாட்டு ஒன்றில் ஒரு மனிதரை நான் வெளியே துரத்தினேன். விளையாட்டுத்தானே என்று நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவர்களும் ஓம் என்று தலையாட்டினார்கள். எனக்குத்தான் அந்தச் சமாதானம் ஒட்டவில்லை.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து, எல்லோர் கையிலும் ஸ்மார்ட் போன் வந்த காலம். நுரைச்சோலையில் போனுக்குக் காசு ரீலோட் போட்டு, பழுது திருத்திக் கொடுக்கும் சின்னக் கடை எனக்கு. வாசலில் நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கரண்ட் இல்லாமல் வியர்த்துக் கிடப்போம். அப்படியான பகல்களில் பிடித்த பழக்கம்தான் அந்த விளையாட்டு. ஆளுக்கொரு கிராமம் கட்டி, மதில் எழுப்பி, படை சேர்த்து, அடுத்தவன் கிராமத்தை உடைக்க வேண்டும். கூட்டாகச் சேர்ந்து ஆடினால் அதற்குக் கிளான் என்று பெயர். ஒருவர் கோட்டைக்கு மற்றவர் படை அனுப்பி உதவலாம். எங்கள் கிளானில் கல்பிட்டி, சிலாபம், யாழ்ப்பாணம், கட்டார் என்று எல்லா இடத்துத் தமிழ் பேசும் ஆட்களும் இருந்தார்கள். தலைவர் நான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு கதிரை தூக்கிப் போடக்கூட என்னைக் கூப்பிடமாட்டார்கள். விளையாட்டில் நான் தலைவர்.

சண்டையைவிடக் கதைதான் அதிகம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தட்டியே அரசியலைப் பிழிந்து காயப்போடுவோம். அதில் முன்னால் நிற்பவர் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர். என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூத்தவர். கூட்டுறவுக் கடையில் வேலை என்று ஒருமுறை சொன்னார். அவருடைய சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அவர் என்னைத் தம்பி என்பார், நான் அண்ணன் என்பேன், அது போதுமாக இருந்தது.

அவர் கேட்கும் கேள்விகள் ஒரு மாதிரி. “உடைஞ்ச கிராமம் கொஞ்ச நேரத்தில தானா எழும்புது. அப்ப நாங்கள் செய்யிறது யுத்தமோ, யுத்தத்தை மறக்கிற பயிற்சியோ?” என்பார். இன்னொரு நாள், “ஆளை வெளியேத்திற பொத்தான் ஏன் தலைவரிட்ட மட்டும் இருக்கு? அதுக்கு வாக்கெடுப்பு வேணும், தம்பி” என்றார். “அப்ப நீங்க எலக்சன் கேளுங்க அண்ணன்” என்று எழுதிச் சிரித்தேன்.

நாங்கள் இருப்பது இடம்பெயர்ந்தோர் குடியேற்றத்தில். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் கடைசியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கம் சொன்னது. எனக்கு அப்போது ஆறு மாதம். ஒன்றும் நினைவில்லை. ஆனால் வருடா வருடம் கேட்டுக் கேட்டு அது என் சொந்த ஞாபகம் போலவே ஆகிவிட்டது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் கதை எப்படியும் ஒரு கேள்விக்கு வந்து நிற்கும்: “நீங்க என்னத்த எடுத்துக்கொண்டு வந்தீங்க?” ஒருவர் குர்ஆன் என்பார். இன்னொருவர் அவசரத்தில் சட்டியை விட்டுவிட்டு மூடியை மட்டும் எடுத்து வந்ததைச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு ஒக்டோபரில், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு அந்த நாளை நினைவுகூரும் கூட்டம் நடந்தது. சூடு தணியாமலே கடைக்கு வந்து, கிளானில் அதைப் பற்றி எழுதினேன். யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதினார்: “யுத்தம் முடிஞ்சு, பாதை திறந்து இவ்வளவு காலம். நீங்கள் ஏன் இன்னும் திரும்பி வரேல்லை? உங்கட தெரு வெறிச்செண்டு கிடக்கு, தம்பி.”

நான் முதல் பாதியை மட்டும்தான் வாசித்தேன். ஏதோ நாங்கள் சுற்றுலா வந்தவர்கள் மாதிரிக் கேட்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. நடு அறையில் ஆள் உயரத்துக்குப் பற்றை. ‘உங்கட ஆக்கள்தானே எங்களத் துரத்தினது’ என்று தொடங்கி, வாய்க்கு வந்ததையெல்லாம் தட்டினேன். “எனக்கு அப்ப பதின்மூண்டு வயசு, தம்பி” என்று மட்டும் பதில் வந்தது. அதற்குப் பிறகாவது நான் போனைக் கீழே வைத்திருக்கலாம்.

“ரெண்டு மணித்தியாலம் தாறன். கிளான விட்டு வெளிக்கிடுங்க. ஒண்டும் கொண்டு போக ஏலாது.”

பொத்தானை அமத்தினால் ஒரு நொடியில் ஆள் வெளியே. இரண்டு மணித்தியாலத்தை வேண்டுமென்றே கொடுத்தேன். மற்றவர்கள் சிரிப்புப் படங்களைக் கொட்டினார்கள். கல்பிட்டிக்காரன் மணிக்கூடு படம் போட்டான். கெட்டிக்காரத்தனமாக ஒன்றைச் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. “ஓம். விளங்குது” என்று எழுதினார் அவர். நேரம் முடியக் கொஞ்சம் முன்பே போய்விட்டார்.

அடுத்த நாள் பகல் சோறு கொண்டுவந்த ராத்தாவிடம் இதைப் பெரிய பகிடியாகச் சொன்னேன். என் மூத்த சகோதரி அவர்; வெளியேறும்போது பத்து வயது. பள்ளிக்கூடக் கொம்பாஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தவர். வழியில் இயக்கத்தின் சோதனையில் காதுத் தோட்டைக் கழற்றி வாங்கினார்களாம். ராத்தா சிரிக்கவில்லை. எங்கள் ஆட்கள் கேட்கும் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

“அந்த மனிசன் என்னத்த எடுத்துக்கொண்டு போனார்?”

பதில் சொல்லத்தான் போனைத் திறந்தேன். கிளானின் உதவிப் பட்டியலில் வரிக்கு வரி அவர் பெயர். ஒவ்வொருவர் கோட்டைக்கும் தன்னிடமிருந்த பெரிய படைகளை அனுப்பியிருந்தார். மணிக்கூடு படம் போட்டவனுக்கும் அனுப்பியிருந்தார். எனக்கு இரண்டு தடவை. ஒவ்வொரு படையும் தயாராகும்வரை காத்திருந்து காத்திருந்து செய்ய வேண்டிய வேலை அது. இரண்டு மணித்தியாலமும் அதிலேயே போயிருக்க வேண்டும்.

“ஒண்டும் எடுக்கல்ல ராத்தா. உள்ளதையெல்லாம் எங்களுக்குத் தந்திட்டுப் போயிருக்கார்.”

“வாப்பாவும் ஆட்டையும் குட்டியையும் பக்கத்து வீட்டு அக்காட்ட குடுத்திட்டுத்தான் வந்தார்” என்றார் ராத்தா. சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் வாதாடியிருப்பேன். வெட்கம் தாங்காமல் கடையின் பாதிக் கதவைச் சாத்தினேன்.

பிறகு தலைவர் பதவியை விட்டேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கட்டாரில் இருந்தவர் எழுதுவதை நிறுத்தினார், கல்பிட்டிக்காரன் கல்யாணம் முடித்து விளையாட்டை விட்டான். அண்ணனுடைய கிராமம் மட்டும் தேடினால் இன்னும் வரும். ஆள் இல்லாத கிராமத்தில் பற்றை முளைக்கும் என்பது அந்த விளையாட்டின் ஏற்பாடு. மதிலோரம் முழுக்க மூடிவிட்டது. போய்ப் பார்க்கலாம், வெட்ட முடியாது. சொந்தக்காரர் வந்து வெட்டினால்தான் உண்டு.

சென்ற மாதம் அவருக்கு ஓர் அழைப்பு அனுப்பப் போனேன். ஒரு வரி எழுத இடம் இருந்தது. ‘நீங்கள் ஏன் இன்னும் திரும்பி வரேல்லை?’ என்று என் விரல் தட்டியிருந்தது. வாசித்துப் பார்த்தால், அவர் அன்று கேட்ட அதே கேள்வி. அழித்தேன். ‘மன்னிச்சுக்கொள்ளுங்க அண்ணன்’ என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் அவர் பெயரையும் போட வேண்டும் போலிருந்தது. பெயர் தெரியாது. அப்படியே அனுப்பினேன்.