ஏழாம் நம்பர் மலையில் கத்தி தேடியவர்

ஆண்டியப்பன் மாமா மூன்றாவது முறை பிரதேச சபைக்கு நின்றபோது எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத ஆம்பளைகள் எல்லாம், பிறகு அவருக்கு என்ன ஆனது என்று யாராவது கேட்டால் மட்டும் வாய் ஓயாமல் பேசுவார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

மாமாவின் காம்பரா எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே இரண்டு வாசல் தள்ளி. மெம்பர் ஆவதற்கு முன்னால் அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்களே, அந்த வேலை. எங்கள் மேற்கணக்கில், தோட்டத்தின் மேல்பிரிவில், அவர் கைக்கு நிகராக இன்னொரு கை கிடையாது. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு குனிந்தார் என்றால் நிரை முடிந்துதான் நிமிர்வார். வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டும்போது பேச்சியம்மா அத்தை, "என்னைய ஒரு நாளாவது இப்புடி உத்துப் பாத்திருப்பாரா இந்த மனுசன்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள்.

தொண்ணூற்றொன்றில் முதல் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. எங்களில் பாதிப்பேருக்கு அப்போதுதான் ஓட்டு என்ற ஒன்றே கிடைத்திருந்தது. மாமாவை நிறுத்துவது என்று முடிவானதும் ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்துச் சாமி கல்லுக்கு முன்னால் ஊரே கூடியது. அங்கேதான் பொன்னையா பூசாரி அந்தப் பேச்சை எடுத்தார்.

"நம்ம பாட்டன் காலத்துல பெரிய கங்காணினு ஒருத்தரு இருந்தாரு. செத்தாத்தான் எறங்கினாரு. அப்புறம் அவரு மகன். இன்னொரு பெரிய கங்காணிய நாமளே ஓட்டுப்போட்டு உண்டாக்கணுமா?"

சட்டத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். நாங்கள்தான் எங்களுக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். யாராக இருந்தாலும் இரண்டு தவணைதான். சபைக்குப் போகிறவர் தன் கையால் பிழைத்த ஆயுதத்தைச் சாமியிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டு தவணை முடிந்ததும் வந்து அதை எடுத்துக்கொண்டு பழைய வேலைக்கே திரும்ப வேண்டும். மாமா சூடம் ஏற்றிக் கும்பிட்டு, தன் கத்தியைக் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நிறுத்தினார். "பத்தரமா வச்சிரு சாமி, வந்து எடுத்துக்கிறேன்" என்றார். அன்றைக்கு அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

மெம்பராக அவர் நல்லவர். அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டம் விடவில்லை. ஆனாலும் மனிதர் ஓயவில்லை. சந்தியில் விளக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைகளுக்கெல்லாம் கினிகத்தேனைக்கும் அட்டனுக்கும் அலைந்து எடுத்துக் கொடுத்தார். ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் "மந்திரிதுமா, மெஹே இந்தகன்ன", மெம்பர் ஐயா இங்கே உட்காருங்க, என்று சிங்களத்தில் சொல்லி முன் சீட்டைத் துடைத்துக் கொடுக்கத் தொடங்கினான். அது மாமாவுக்குப் பிடித்துப்போனது. கொஞ்ச நாளில் அத்தைகூட அவரை மெம்பர் என்றே கூப்பிட்டாள். பேர் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது தவணையும் முடிந்து இரண்டாயிரத்து இரண்டு வந்தது. அடுத்து யார் என்ற பேச்சில், "ஏன், ஒரு பொம்பளையப் போட்டா மல இடிஞ்சு விழுந்துருமா?" என்று கேட்டு என் பேரைச் சொன்னது பேச்சியம்மா அத்தைதான். நான் கொழுந்து பறிக்கிறவள், ஓ.எல். வரை படித்தவள், வாய் கொஞ்சம் நீளம். ஊர் சரியென்றது. மாமா சாமியிடம் போய்க் கத்தியை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அவர் எடுக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று கவ்வாத்துக்காரராகப் பேசினார்.

"செடிய மொட்டையா வெட்டுனா பட்டுப்போகும். அதுக்குத்தான் ஒரு கொப்ப மூச்சுக்குனு விட்டு வக்கிறோம். ஜீவராணி புதுத் துளிரு. அது தழைக்கிற வரைக்கும் நான் மூச்சுக் கொப்பா நிக்கிறேன். ஒரே ஒரு தவண."

தொழில் தெரிந்தவர் சொன்னால் ஆண்கள் தலையாட்டாமல் என்ன செய்வார்கள்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "துளிர் வந்ததும் மொத வேலையா அந்தக் கொப்பத்தானே மாமா வெட்டுவீங்க? வெட்டாம விட்டா சத்தெல்லாம் அதுவே உறிஞ்சுக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க?" என்றேன். அவர் சிரித்தார். பொன்னையா பூசாரி மட்டும் கல்லிருந்த பக்கமாகப் பார்த்து, "எடுக்க வர்றேன்னு சொல்லிட்டுப் போன கத்தியாச்சேப்பா" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. மாமா நின்றார், வென்றார்.

அந்த வருடம் ஏழாம் நம்பர் மலைக்குக் கவ்வாத்து. வெட்டி முடித்துக் கொஞ்ச நாளில் என்னோடு கொழுந்து எடுக்கிற மீனம்மா என்னிடம் வந்து, "மெம்பர் ஏன்டி சாக்கு கட்டிக்கிட்டு மலையில நிக்கிறாரு? சலாம் போட்டேன், திரும்பக்கூட இல்ல" என்றாள். அன்று மாமா சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். காலையில் அவரைப் பஸ் ஏற்றிவிட்டதே மீனம்மாவின் புருஷன்தான். வெயிலில் கண் மயங்கியிருக்கும் என்று அவளைக் கிண்டல் பண்ணினேன். அட்டனில் வெயிலாவது, கண் மயங்குவதாவது.

பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். கடைசியில் நானும் பார்த்தேன்.

மத்தியானம் கழிந்து பொல்பிட்டிய பக்கமிருந்து மிஸ்ட் ஏறிவரும் நேரம். மலை முழுக்க மொட்டைக் குச்சிகள். சாமி கல்லுக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்து, அங்கே குத்தி நின்ற கத்தி கண்ணில் படாதவர் போல, செடிகளின் அடியை விலக்கி விலக்கி எதையோ தேடிக்கொண்டிருந்தார். இடுப்பில் சாக்கு. முதுகைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "மாமா!" என்றேன். நிமிர்ந்தார். தலைமுடி கறுகறுவென்று இருந்தது. மாமாவுக்கு அப்போது பாதிக்கு மேல் நரை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கைகளைத்தான் பார்த்தார். ஏதாவது கொண்டு வந்திருக்கிறேனா என்று பார்ப்பது போலிருந்தது. வெறுங்கை என்று கண்டதும் ஒரு செடிக்குப் பின்னால் போனார், பிறகு காணவில்லை. அந்தச் செடி என் முழங்காலுக்குக் கூட வராது.

ஓட்டமாய் ஓடி வந்து அத்தையிடம்தான் சொன்னேன். அவள் பதறவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே பேசினாள்.

"இங்கயும் வருது ராணி. கவ்வாத்துக்காரங்க வேல விட்டு வர்ற நேரத்துக்குப் பின்வாசல்ல சாக்க அவுத்துப் போடுற சத்தம் கேக்குது. பச்ச தேயிலக் குச்சி வாசம் வருது. எட்டிப் பாத்தா ஆளில்ல. இவரு பாட்டுக்கு முன்காம்பராவுல உக்காந்து பேசிக்கிட்டு இருக்காரு."

"உங்களுக்குப் பயமா இல்லையா அத்த?"

"எனக்கு ரெண்டு புருஷன் இப்ப. ஒருத்தரப் பாத்தாத்தான் பயமா இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முன்காம்பராவுல இருக்கிறவரு."

அவள் சொன்ன பிறகுதான் நானும் மாமாவைக் கவனித்தேன். கையில் காய்ப்பு எல்லாம் மறைந்து உள்ளங்கை வழவழவென்று ஆகியிருந்தது. திருவிழாவில் பூசணிக்காய் வெட்டச் சொல்லிக் கத்தியைக் கொடுத்தார்கள். அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர் போல் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய சொந்தத் தம்பி மகன் வந்து கும்பிட்டபோது, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். மனு கொண்டு வருகிறவர்களிடம் கேட்கும் அதே குரல்தான்.

இரண்டாயிரத்து ஆறு தேர்தலுக்குப் பெயர் கொடுக்கும் காலம் வந்தது. நாலாவது முறையும் நிற்பேன் என்றார். அன்றைக்கு அத்தை வாசலை மறித்து நின்றாள். "போயி அந்தக் கத்திய எடுத்துக்கிட்டு வாங்க. இல்லாட்டி இந்த வீட்டுல எனக்குச் சோறு பொங்கக் கையில்ல" என்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "ஆண்டியப்பா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மாமா யாரையோ கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பின்னால் பார்த்தார். பார்த்துவிட்டு, தான் அப்படிப் பார்த்தது புரிந்து, அங்கேயே குந்திவிட்டார்.

"வா ராணி, நீயும் வா" என்றார். பொன்னையா பூசாரியையும் கூட்டிக்கொண்டு மூவருமாய் மலைக்கு ஏறினோம். மிஸ்ட் இறங்கியிருந்தது. சூடம் ஏற்றினோம். மாமா கல்லுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, கத்தியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பிடி மட்டும் கையோடு வந்தது. அலகு மண்ணுக்குள்ளேயே துருவாய்க் கரைந்து போயிருந்தது.

நிரையின் கடைசியில் அவர் நின்றார். சாக்குக் கட்டியவர். நான் பார்த்தேன், பூசாரியும் பார்த்தார். மாமா தட்டுத் தடுமாறி எழுந்து அந்தப் பிடியை நீட்டினார். "இந்தாப்பா, வந்துட்டேன். கொஞ்சம் தாமசமாயிருச்சு" என்றார். குழந்தைக்குச் சமாதானம் சொல்வது போல் அதைச் சொன்னார். அந்த ஆள் பிடியைப் பார்த்தார். வாங்கவில்லை. திரும்பி, நிரையோடு மேலே நடந்து போய்விட்டார். "போகாதப்பா! போகாத!" என்று மாமா கத்தியது கீழே லயம் வரை கேட்டதாம். அதற்குப் பிறகு அந்த ஆளை யாரும் பார்க்கவில்லை.

மாமாவைக் கைத்தாங்கலாகக் கொண்டு வந்து வீட்டில் உட்கார வைத்தோம். அத்தை அவர் முகத்தைத் தூக்கிப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"ரெண்டு பேரும் போயிட்டாங்க ராணி."

அதற்குப் பிறகும் மாமா இரண்டு வருடம் இருந்தார். விடிந்ததும் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் போய் நிற்பார். யாரும் பேர் கூப்பிட மாட்டார்கள். எல்லோரும் மலைக்குப் போன பிறகும் அங்கேயே நிற்பார். அத்தை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். கடைசி நாள் வரைக்கும் அவர் அவளிடம், மனு கொண்டு வந்த யாரோ ஒருத்தியிடம் பேசுவது போல, நீங்க, வாங்க என்றுதான் பேசினார்.

அந்தத் தேர்தலில் நான்தான் நின்றேன். வென்றேன். என் கொழுந்துக் கூடைக் கயிற்றைச் சாமி கல்லில் கட்டிவிட்டு வந்தேன். இது இரண்டாயிரத்து ஒன்பது. என் முதல் தவணை முடியப் போகிறது. இன்னொன்று எனக்கு உண்டு, கட்டுப்பாட்டில் இடம் இருக்கிறது, ஊரும் நில்லென்கிறது. பஸ்ஸில் கண்டக்டர் எனக்கும் முன் சீட்டைத் துடைத்துத்தான் கொடுக்கிறான். பொய் சொல்வானேன், எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது.

நேற்று மீனம்மா குழாயடியில் கேட்டாள். "முந்தாநேத்து ஏழாம் நம்பர்ல நீ ஏன்டி கொழுந்து எடுத்தே? எத்தன தரம் கூப்புட்டேன், திரும்பவே இல்ல. தலையில மாட்டக் கயிறில்லாம கூடையக் கையில தூக்கிக்கிட்டு, பாக்கவே பாவமா இருந்துச்சு."

முந்தாநேற்று நான் சபைக் கூட்டத்தில் இருந்தேன்.

இன்று காலையிலேயே மலைக்குப் போனேன். கயிறு அங்கேதான் இருந்தது. ஒரு புரி மட்டும் இற்றுப்போயிருந்தது. அவிழ்ப்பதைப் பார்த்துப் பொன்னையா பூசாரி ஓடி வந்தார். "இன்னும் ஒரு தவண இருக்கும்மா உனக்கு" என்றார்.

"எனக்கு இருக்கு சாமி. அவளுக்கு இல்ல" என்றேன்.

ஈரக் கயிற்றைத் தலையில் மாட்டிப் பார்த்தேன். வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது. இருபது வருடம் கூடை சுமந்து உச்சியில் முடி தேய்ந்து ஒரு தடம் இருந்தது, கயிறு அதில்தான் உட்காரும். கையை வைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் முடி வளர்ந்திருந்தது.

மறுபடியும் மாட்டினேன். இந்த முறை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.