'பிள்ளை' என்று ஒட்டிய விசை

தயாளன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். தைப்பூசத்துக்குத் தவறாமல் விடுப்பு எடுப்பார். ஆனால் காவடி எடுத்ததில்லை, படி ஏறியதுமில்லை. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் நண்பர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலில் மைக் அவர் பொறுப்பு.

மகள் சாந்தினி நான்கு வயதில் ஒரு தைப்பூசக் கூட்டத்தில் தொலைந்துபோனாள். எந்தப் பந்தலிலோ யாரோ மைக்கில் கூப்பிட்டுத்தான் கிடைத்தாள். பதற்றத்தில் தயாளன் அந்த மனிதரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. யாருக்கு நன்றி சொல்வது? அடுத்த ஆண்டு தானே மைக் முன் உட்கார்ந்துவிட்டார்.

வயதாகித் தொண்டை கட்டத் தொடங்கியதும் அறிவிப்புகளைப் பதிந்துகொண்டார். பழைய மடிக்கணினி ஒன்றில் சாந்தினி லினக்ஸ் இயங்குதளமும் ஒலிக்கான பிளேயரும் போட்டுக் கொடுத்தாள். விசையை அழுத்தினால் அவர் குரல் கேட்கும். விசைகளின்மேல் காகிதம் ஒட்டி எழுதியிருந்தார்: தண்ணீர், செருப்பு, பிள்ளை.

தீபாவளி முடிந்த வாரம் அவர் இறந்தார்.

தைப்பூசப் பந்தலுக்கு முந்தின நாள். நண்பர்கள் வாங்கிய புது ஆம்ப்ளிஃபையரைப் பழைய சிஸ்டம் கண்டுகொள்ளவில்லை. பத்து காவான் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் சர்வர்களைக் கவனிக்கும் சாந்தினி அப்கிரேடைத் தொடங்கினாள். பாதியில் நின்றது. அப்பாவின் பிளேயருக்கு லைப்ரரி என்ற துணை நிரலின் பழைய பதிப்புதான் வேண்டும்; சிஸ்டத்துக்குப் புதியது வேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. பிளேயரை நீக்கவா என்று கேட்டது. மறுத்தாள். பழைய லைப்ரரியை மாறாதபடி பூட்டிப் பார்த்தாள். மற்ற மென்பொருள் பேக்கேஜ்கள் முரண்டு பிடித்தன. திரை திரும்ப அதையே கேட்டது.

அப்பாவின் பந்தல் நண்பர் கோகிலன் வேன் சாவியோடு வாசலில் நின்றார். "ஆயிருச்சா தங்கச்சி? இல்லன்னா நானே கத்திர்றேன் லா."

"நீ கத்துனா கெடச்ச பிள்ளையும் ஓடிரும்," என்றாள் அம்மா ஜெயலெட்சுமி, சமையலறையிலிருந்து. பிறகு மகளிடம், "எத அழிக்கச் சொல்லுது?"

"அப்பா பிளேயர."

"அவரு பேசுனது அதுக்குள்ளயா இருக்கு?"

"இல்லம்மா. அது தனி ஃபைல்."

"பின்ன?"

வேலையிடமாக இருந்தால் சாந்தினி இதை முதலிலேயே நீக்கியிருப்பாள். 'சரி' என்று அழுத்தினாள்.

அப்கிரேட் தடையின்றி ஓடி முடிந்தது. ஆம்ப்ளிஃபையரில் விளக்கு எரிந்தது. அதே விசைகள் அதே ஃபைல்களை எடுக்கும்படி சில வரி நிரல் எழுதினாள். அப்பா ஒட்டிய காகிதங்களைத் தொடவில்லை. 'பிள்ளை'யை அழுத்தினாள்.

"பிள்ள இங்க பத்திரமா இருக்கு. தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்கு. அம்மா அப்பா பதறாம வாங்க."

அடுப்பை அணைத்துவிட்டு ஜெயலெட்சுமி வந்து நின்றாள்.

"இன்னொரு தரம் போடு."