உள் பையில் ஒரு போல்ட்

ஓசூரில் கடல் கிடையாது. எண்பதுகளின் கடைசியில் இதை எனக்கு எடுத்துச் சொல்லாத ஆளே எங்கள் தெருவில் இல்லை. வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய நீள அட்டைக் குழாயைக் கொண்டுவந்து கொடுத்த தபால்காரர் சொன்னார். பால் ஊற்றுகிற அம்மா கன்னடத்தில் சொன்னார். எதிர்வீட்டு அம்மா தெலுங்கில் சொல்லிவிட்டு, எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று தமிழிலும் ஒருமுறை சொன்னார். சொல்லாத ஒரே ஆள் என் வீட்டுக்காரர். அவர் குழாயிலிருந்து கடல் வரைபடத்தை உருவி, கட்டில் மேல் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்துவிட்டு, "இதுல ரோடு எங்க இருக்குது?" என்று மட்டும் கேட்டார்.

அவர் ஓசூர்–ராயக்கோட்டை தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸின் டிரைவர். நான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். லேத்தில் கடைந்து வரும் உருப்படிகளை மைக்ரோமீட்டரால் அளந்து, சரியானதை ஏற்பதும் தவறானதைத் திருப்பி அனுப்புவதும் என் வேலை. திருப்பி அனுப்புவதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் உண்டு என்று மெஷின்காரர்கள் பேசிக்கொள்வார்கள். அது பொய்யில்லை.

ஒருமுறை கம்பெனி விளையாட்டு மன்றம் எங்களைப் பெங்களூர் ஏரிக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கூட்டிப்போனது. பத்துப் பேர் போனோம். ஒன்பது பேர் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். கற்றுக்கொடுத்தவர் எங்கள் டிசைன் மேனேஜர். சென்னைத் துறைமுகத்தில் அவருக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு நின்றது. அதில் விசாகப்பட்டினம் வரை போய்வர வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஆனால் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போவதென்றால், படகை வழிநடத்தத் தேர்ச்சி பெற்றவர்கள் இரண்டு பேர் இருந்தாக வேண்டும் என்பது அவர் படகு மன்றத்தின் விதி. ஒருவர் அவர். இன்னொருவர் கிடைக்கவில்லை.

"நீங்க அளக்கிறவங்கதானே, கடலையும் அளந்து பாருங்களேன்" என்றார்.

அப்படித்தான் முப்பத்தாறு வயதில், தபால் வழியாகக் கடலில் வழிகாணும் பாடம் படிக்க ஆரம்பித்தேன். தை மாதம் தேர்வு. தேறினால் பங்குனியில் தெற்குக் காற்று பிடித்து விசாகப்பட்டினம். மேனேஜருக்குக் கோடையில் வடக்கே மாற்றல் என்று உறுதியாகிவிட்டது. படகை விற்றுவிட்டுத்தான் போவார். ஆகவே நான் தேறாவிட்டால் அந்தப் பயணம் அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

முதல் பாடத்திலேயே மண்ணைக் கவ்வினேன். கம்பெனியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி, டிராயிங்கை ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, அதில் எழுதியிருக்கும் எண்ணைத்தான் நம்ப வேண்டும் என்பது. கடல் வரைபடத்தில் எல்லாமே அளந்துதான். அதிலும் தூரத்தைப் படத்தின் பக்கவாட்டு ஓரத்தில் அளக்க வேண்டும், மேல் ஓரத்தில் அளந்தால் தப்பு. நான் மேல் ஓரத்தில் அளந்து, அழகாகத் தப்பான விடைகளை அனுப்பினேன். சிவப்பு மையில் குளித்துத் திரும்பி வந்தது. மற்றவர்கள் வேலையைத் திருப்பி அனுப்பியே பழகியவளுக்கு அது நல்ல மருந்து.

பிறகு கடலின் ஏற்ற இறக்கக் கணக்கு வந்தது. சென்னையில் தண்ணீர் ஏறும் நேரத்தைக் கணக்கிட்டு, எங்கள் வீட்டு நாள்காட்டித் தாளில் ராகுகாலத்துக்குக் கீழே பென்சிலில் எழுதி வைப்பேன். என் வீட்டுக்காரர் காலையில் பஸ் எடுக்கக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டு, "பத்தரைக்குத் தண்ணி ஏறுதாம், ஜாக்கிரதையாப் போவணும்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போவார். ஆறாம் வகுப்புப் படித்த மகள் கொஞ்ச நாள் அதை உண்மையென்றே நம்பினாள்.

எனக்கு ஓடாத பாடம் ஒன்றுதான். கரையே தெரியாதபோது, எந்தத் திசையில், என்ன வேகத்தில், எவ்வளவு நேரம் வந்தோம் என்பதை மட்டும் வைத்து இருக்கும் இடத்தைச் சொல்வது. அளக்க ஒன்றும் இல்லாமல் எப்படிச் சொல்வது? எனக்கு அது ஜோசியம் மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் அதற்குக் குருட்டுக் கணக்கு என்று பெயர் வைத்தார். வைத்த கையோடு, "ஞாயித்துக்கெழம என் வண்டில ஏறு" என்றார்.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால், முந்தானையால் கண்ணை மறைத்து உட்கார்ந்துகொண்டேன். கையில் கடிகாரம். அவர் வண்டியின் வேகமானி செத்துப் பல வருடம் ஆகியிருந்தது. எஞ்சின் சத்தத்தை வைத்தே வேகம் சொல்வார். "முப்பத்தஞ்சு" என்பார். "ஏத்தம், இருபது" என்பார். நான் மனதுக்குள் பெருக்கிக்கொண்டே வருவேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எனக்கு மயக்கம் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தார். கண்டக்டர் மூன்று மொழியிலும், "ஒண்ணும் இல்ல, படிக்கிறாங்க" என்று விளக்கம் சொல்லிச் சலித்துப்போனார்.

"உத்தனப்பள்ளி வந்துடுச்சு" என்று கண்ணைத் திறந்தேன். வரவில்லை. இருபுறமும் தக்காளித் தோட்டம். உத்தனப்பள்ளிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது.

"நின்ன நேரத்தையும் ஓடுன நேரமாப் போட்டுட்ட" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. "மூணு எடத்துல ஆள் ஏத்துனன். அதைக் கழிக்கல நீ."

எத்தனையோ பக்கம் படித்தும் மண்டையில் ஏறாதது அந்த ஒரு வாக்கியத்தில் ஏறியது. அதன்பின் பதினோரு ஞாயிற்றுக்கிழமை அந்த பஸ்ஸில் போனேன். கடைசியில் உத்தனப்பள்ளியில் கண்ணைத் திறந்தால் டீக்கடை நேர் எதிரே இருந்தது. அவர் ஹாரனை நீளமாக அடித்தார். காரணம் தெரியாமல் டீக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். ஓய்வு கிடைக்கிற ஒரே நாளை மற்றவர்கள் தூங்கிக் கழிப்பார்கள். இந்த மனிதர் வாரம் முழுவதும் ஓட்டிய ரோட்டை ஞாயிற்றுக்கிழமையும் கேட்டு வாங்கி ஓட்டினார், எனக்காக. அதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

தேர்வுக்குக் கிளம்பிய அன்று என் வீட்டுக்காரர் என் கம்பெனி நீலக் கோட்டை மடித்துப் பையில் வைத்தார். "உள்பக்கம் பிரிஞ்சு கெடந்துச்சு, தைக்கக் குடுத்து வாங்கிட்டன். குளுருனாப் போட்டுக்க" என்றார்.

விடியும்போது சென்னையை விட்டோம். படகில் மூன்று பேர்: மேனேஜர், நான், தேர்வு வைக்க வந்த ஓய்வுபெற்ற கப்பல் அதிகாரி. அதிகாரி ஒரு பொட்டலம் வேர்க்கடலையோடு பின்பக்கம் உட்கார்ந்தவர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. புதுச்சேரி வரை படகு என் பொறுப்பு. கையடக்கத் திசைகாட்டியைக் கண்ணருகே பிடித்து, கரையில் தெரியும் அடையாளங்களின் திசையைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் ஒரு கோடு போடுவேன். கோடுகள் ஒரே புள்ளியில் கூடும் இடத்தில் நாம் இருக்கிறோம். காலை முழுவதும் அழகாகக் கூடின. பதினொரு மணி வாக்கில் தூறல் விழுந்து காற்று குளிர்ந்தது. பையிலிருந்த நீலக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் மங்கலாகத் தெரிந்தது. உள்ளே திருக்கழுக்குன்றம் மலை, தெற்கே ஒரு புகைபோக்கி. மூன்றுக்கும் கோடு போட்டேன். கூடவில்லை. நடுவே ஒரு முக்கோணம், அதற்குள் ஓசூரையே குடிவைக்கலாம். மறுபடி பார்த்தேன். அதே முக்கோணம். அதை நம்பினால் நாங்கள் கரையிலிருந்து வெகு தூரத்தில், பத்திரமாக இருக்கிறோம். என் குருட்டுக் கணக்கோ, கரைக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டோம் என்றது. அந்த இடத்தில் தண்ணீருக்கு அடியில் பாறைத்திட்டு இருப்பதை வரைபடம் காட்டியது.

"எங்க இருக்கோம், மேடம்?" என்றார் அதிகாரி.

பதினைந்து வருடம் கருவியை நம்பிச் சோறு தின்றவள் நான். கருவி ஒன்று சொல்ல, பஸ்ஸில் கற்ற கணக்கு வேறொன்று சொல்கிறது. தப்பாகச் சொன்னால் விசாகப்பட்டினம் போச்சு. அதைவிடத் தப்பாகத் திருப்பினால் படகே போச்சு.

"ரெண்டு எடம் கெடைக்குது சார். எது சரின்னு தெரியிற வரைக்கும் படகை வெளிய எடுக்கிறன்" என்றேன்.

அவர் கடலையை உரித்தார்.

படகைக் கிழக்கே திருப்பச் சொல்லிவிட்டு, கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்தேன். குருட்டுக் கணக்கு காட்டிய இடத்தின் ஆழம்தான் வந்தது. அப்படியானால் கோடுகள்தான் பொய். மைக்ரோமீட்டர்மேல் சந்தேகம் வந்தால் கம்பெனியில் என்ன செய்வோம்? இன்னொரு கைக்கு மாற்றிப் பார்ப்போம். திசைகாட்டியை மேனேஜரிடம் கொடுத்து, நான் நின்ற இடத்திலேயே அவரை நிறுத்தி, கலங்கரை விளக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். ஏழு டிகிரி வித்தியாசம். திரும்ப நான் வாங்கினால் முள் மறுபடி விலகியது. கருவியில் குற்றமில்லை. குற்றம் என்னிடம்.

கோட்டுப் பைகளைக் கவிழ்த்தேன். பென்சில், ரப்பர். உள்பக்கம் நெஞ்சருகே தையல் தடித்திருந்தது. பிரித்தேன். மஞ்சள் துணியில் சுற்றி, ஒரு போல்ட். கட்டைவிரல் தடிமன். அவர் பஸ்ஸின் ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கிற பழைய போல்ட்.

எங்கள் பக்கத்தில் கறிச்சோறு எடுத்துப்போனால் மேலே ஓர் இரும்பு வைப்பார்கள். பிள்ளை பெற்றவள் தலைமாட்டில் இரும்பு இருக்கும். இரும்பு இருந்தால் காத்துக்கருப்பு அண்டாது. கடல் தாண்டும் பெண்டாட்டிக்கு அவர் தன் பஸ்ஸிலிருந்தே இரும்பு எடுத்துக் கொடுத்திருக்கிறார். டூல்ஸ் பெட்டியில் நட்டு போல்ட் உருளாமலிருக்க ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் வைத்திருப்பார். அதில் மாதக்கணக்கில் ஒட்டிக்கிடந்து அந்தப் போல்ட்டே காந்தமாகியிருந்தது.

அதிகாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். "கடல்ல போட்டுடுங்க மேடம்" என்றார். மாட்டேன் என்றேன். நங்கூரச் சங்கிலியோடு போட்டு வைத்தேன். கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மூன்று கோடு போட்டேன். என் குருட்டுக் கணக்கின் மேலேயே மூன்றும் வந்து கூடின. அழுதுவிட்டேன். தூறல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

புதுச்சேரியில் இறங்கும்போது அதிகாரி கையெழுத்துப் போட்டார். "எல்லாம் சரியாப் போயிருந்தா நீங்க கோடு போடுவீங்கன்னு மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார். "உன்னக் கொல்லப் பாத்தனா நானு?" என்றார். உங்கள் இரும்பால்தான் தேறினேன், உங்கள் பஸ்ஸால்தான் பிழைத்தேன் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் ஏறவில்லை. சில நாள் என் திசைகாட்டி இருக்கும் மேஜைப் பக்கமே வரவில்லை.

பங்குனியில் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள் வேலை விட்டு வந்தேன். மேஜை முன்னால் அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். திசைகாட்டியைச் சுற்றி ஒரு போல்ட்டை மெதுவாக நகர்த்தி நகர்த்தி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே அளவு, அதே மரை. பளபளவென்று பித்தளை. லேத்து பட்டறையில் சொல்லிக் கடைந்து வாங்கியிருக்கிறார். முள் அசையவே இல்லை.

"பித்தளைக்குக் காத்துக்கருப்பு பயப்படுமா?" என்றேன்.

"அது பயப்படுதோ இல்லியோ, உன் முள்ளு பயப்படாது. ஒரு மணி நேரமாப் பாத்துட்டன்" என்றார்.

கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பி, ஊசியையும் நூலையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.