நாடித்துடிப்பு நாற்பத்தெட்டு

ரத்தம் கொடுங்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்பதுதான் ஆரோக்கியசெல்வியின் உத்தியோகம். விழுப்புரத்தில் ஒரு ரத்த வங்கியில் ஆலோசகர். கல்லூரி, அரிசி ஆலை, கட்சி அலுவலகம் என்று எங்கே நின்று பேசினாலும் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் எழும்: "மேடம், நீங்க எத்தினி வாட்டி குடுத்துக்கிறீங்க?"

ஒரு தடவைகூட இல்லை. நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே இருப்பவர்களிடம் ரத்தம் எடுக்க மாட்டார்கள். ஆரோக்கியசெல்வி கல்லூரிக் காலம்தொட்டு நாற்பத்திரண்டிலேயே நிற்கிறாள். இரண்டு பிள்ளை பெற்றும் முள் நகரவில்லை. கணவன் சவுரிராயன் எண்பது கிலோ. அவனுக்கு ஊசியைக் கண்டாலே கண் சொருகிவிடும். அந்த வீட்டில் ஒருவருக்கு மனசு இருந்தது, இன்னொருவருக்கு உடம்பு இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருக்கிற வீடுகளைத் தேடித்தான் அவள் தினமும் பஸ் ஏறினாள்.

விழுப்புரத்தை அடுத்த காணைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள். அப்பா கரும்பு வெட்டப் போவார், அம்மா மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கப் போவாள். சமூகப்பணி படித்தால் சமூகம் வேலை கொடுக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் படித்தாள். சமூகம் கொடுத்தது, ஒப்பந்த அடிப்படையில். வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பித்துக்கொண்டு வருகிறாள்.

ரத்த வங்கிக்குக் கோடைதான் பஞ்சகாலம். கல்லூரிகளுக்கு லீவு விட்டுவிடுவார்கள். தலைவர்களின் பிறந்தநாள் வருகிற மாதத்தில் படுக்க இடமில்லாமல் கூட்டம் நெரியும். வராத மாதத்தில் குளிர்பெட்டி காற்று வாங்கும். ஆனால் பிரசவமும் விபத்தும் யாருடைய பிறந்தநாளையும் பார்த்து வருவதில்லை.

அப்படி ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை, விக்கிரவாண்டியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகையில், டீக்கடை வாசலில் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். இருபது பேருக்கு மேல் இருக்கும். தலையில் ஹெல்மெட், உடம்போடு ஒட்டிய பளபள சட்டை, முட்டிவரைக்கும் இறுக்கின கால்சட்டை. சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த சைக்கிள்கள் ஒவ்வொன்றும் ஒரு மோட்டார் சைக்கிள் விலை இருக்கும். சட்டை முதுகில் 'விழுப்புரம் பெடலர்ஸ்' என்று எழுதியிருந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் சைக்கிள்களைப் பார்த்தார்கள். ஆரோக்கியசெல்வியின் கண் அவர்களுடைய முழங்கையின் உள்மடிப்புக்குப் போனது. வெயிலில் ஓட்டி ஓட்டி நரம்பு ஒவ்வொன்றும் கொடி மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. தேடவே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம்.

பஸ்ஸை விட்டுவிட்டாள்.

கிளப்புக்குத் தலைவர் புகழேந்தி. பைபாஸ் பக்கத்தில் டைல்ஸ் ஷோரூம் வைத்திருப்பவர். சர்க்கரை வரும் என்று டாக்டர் பயமுறுத்தியதால் சைக்கிள் ஏறினவர், பிறகு இறங்கவே இல்லை. ஐம்பது வயதில் வயிறு ஒட்டிப்போய், கன்னம் குழி விழுந்து, அதைப் பற்றிப் பேசுவதற்காகவே ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"ஓய்வுல என் நாடித்துடிப்பு எவ்ளோ தெரியுமா மேடம்? நாப்பத்தெட்டு. சும்மா உக்காந்திருக்கற மனுஷனுக்கு எழுவது, எம்பது ஓடும். எனக்கு நாப்பத்தெட்டு" என்றார், பிள்ளை ராங்க் எடுத்ததைச் சொல்கிற மாதிரி.

"சந்தோஷம் சார். அப்ப ஒரு யூனிட் ரத்தம் குடுங்களேன்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளாஸைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அதில்ல மேடம்" என்றார் புகழேந்தி. "ரத்தம் குடுத்தா பவர் போயிடும். அடுத்த மாசம் எங்களுக்கு எரநூறு கிலோமீட்டர் ரைடு இருக்குது."

ஆரோக்கியசெல்விக்குப் பொய் சொல்ல வராது. "ஆமா சார், ரெண்டு மூணு வாரம் ஏத்தத்துல கொஞ்சம் மூச்சு வாங்கும். அப்பால சரியாயிடும்" என்றாள்.

விழுப்புரத்தில் ஏற்றம் என்பது மேம்பாலங்கள்தான். இருந்தாலும் அந்த 'மூச்சு வாங்கும்' அவர்களை உலுக்கிவிட்டது. ஒருவர் ஆப்பில் பதிவாகிற தன் வேகம் குறையும் என்றார். இன்னொருவர் மழைக்காலத்தில் பார்க்கலாம் என்றார். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு பருத்த ஆள் மட்டும், "வலிக்குமா மேடம்?" என்று கேட்டார். அவர் பூவரசன், கூட்டுறவு வங்கியில் காசாளர். எப்போதும் கடைசியாக வந்து சேர்வதால் கிளப்பில் அவருக்கு 'ஆம்புலன்ஸ்' என்று பெயர்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் சார்."

"எந்த எறும்பு?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த சாக்கில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடியும் அதே டீக்கடையில் நின்றாள். இந்தத் தடவை தானத்தின் பெருமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "புதுச்சேரி சைக்கிள் கிளப்புல போன மாசம் முப்பது பேர் குடுத்தாங்க சார். பேப்பர்ல போட்டோவோட வந்துது" என்றாள். அது நிஜம்தான்.

புகழேந்தியின் டீ பாதியில் நின்றது. "முப்பதா? அவங்க கிளப்புல முப்பது பேர் ஏது?"

"வீட்டம்மாங்களும் வந்தாங்க."

"அதானே! கூட்டத்தக் காட்டிக்கினு போயிருக்கானுங்க." அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாக அசைந்தன. இல்லாத மலைக்காகத் தங்கள் ரத்தத்தை இத்தனை நாள் காத்து வைத்திருந்தவர்கள், புதுச்சேரிக்காரனுக்காக அதைக் கொட்டத் தயாரானார்கள்.

திட்டத்தைப் புகழேந்தியே போட்டார். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை பேனரோடு சைக்கிள் ஊர்வலம். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். கொடுத்துவிட்டு அப்படியே சைக்கிளில் திரும்புவது.

"திரும்பி ஓட்டக் கூடாது சார். அன்னைக்கு முழுக்க ஓய்வு வேணும்" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"அப்ப பாதி தூரம்தான் கணக்குல ஏறும்!"

"வழியில மயக்கம் போட்டு லாரிக்கு அடியில விழுந்தீங்கன்னா, நீங்க குடுத்தத உங்களுக்கே ஏத்த வேண்டி வரும் சார்."

அரை மணி நேரம் பேஜார் பண்ணிவிட்டு ஒரு மினிலாரி பேசிக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். போகும்போதும் மெதுவாக ஓட்டுங்கள், கூட்டேரிப்பட்டில் நிறுத்தி இட்லி சாப்பிடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மண்டபத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் ரத்தம் எடுப்போம் என்று அவள் மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். மூன்று தடவையும் எல்லாரும் தலையாட்டினார்கள்.

முகாம் நாளன்று பார்த்தால், முன்னணியில் ஓட்டுகிற நாலைந்து பேர் இட்லிக்கு நிற்கவே இல்லை. வெறும் வயிற்றில் ஓட்டினால்தான் கொழுப்பு கரையுமாம். மண்டபத்துக்கு முதலில் வந்து சேர்ந்து, வியர்வை சொட்டச் சொட்ட, யார் முதல் என்று தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்கள். முகாம் மருத்துவர் சங்கவி, சின்னப் பெண், கண்டிப்பானவள். வெறும் வயிற்றுக்காரர்களைப் பார்த்த பார்வையிலேயே ஓரமாக உட்கார வைத்துவிட்டாள். அடுத்து வந்தவர் கெண்டைக்காலில் புதுசாகச் சைக்கிள் சக்கரத்தைப் பச்சை குத்தியிருந்தார். பச்சை குத்தி ஒரு வருஷம் ஆக வேண்டும், போய்விட்டு வாருங்கள் என்றாள்.

பிறகு புகழேந்தி வந்து மணிக்கட்டை நீட்டினார், வளையல் மாட்டிக்கொள்ள நீட்டுகிற மாதிரி. சங்கவி ஒரு நிமிஷம் எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"நாப்பத்தெட்டு" என்றாள்.

"ஆமாம்மா!" என்றார் புகழேந்தி, சுற்றிலும் பார்த்து.

"எடுக்க முடியாது சார்."

"என்னாது?"

"அறுபதுலேருந்து நூறு இருக்கணும். விளையாட்டுக்காரங்கன்னா அம்பது வரைக்கும் பார்த்து எடுத்துக்கறோம். நீங்க அதுக்கும் கீழ இருக்கீங்க."

"அம்மா, நான் ஃபிட்டா இருக்கறதாலதான் கம்மியா இருக்குது."

"இருக்கலாம் சார். ஆனா இங்க அத நான் எப்படி நிச்சயமா சொல்றது? ரத்தம் போறப்ப இன்னும் இறங்கினா?"

அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேருக்கு நாற்பத்தாறு, நாற்பத்தொன்பது. மாவட்டத்திலேயே திடகாத்திரமானவர்கள் என்று தங்களைப் பற்றி நினைத்திருந்தவர்கள், கல்யாண மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக நிராகரிக்கப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியசெல்விக்குத் தலையில் கை வைத்துக்கொள்ளத் தோன்றியது. அந்த மனுஷன் முதல் நாளே நாற்பத்தெட்டு என்று மேளம் அடிக்காத குறையாகச் சொன்னாரே, அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? நரம்பைப் பார்த்த ஜோரில் காது அடைத்துப்போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் பூவரசன் வந்து சேர்ந்தார். வழியில் இரண்டு இடத்தில் நின்று, கூட்டேரிப்பட்டில் இட்லியும் வடையும் பொங்கலும் சாப்பிட்டு, இளநீர் குடித்து, நிதானமாக மிதித்து வந்திருந்தார். அவர் கூடவே கிளப்பின் கடைக்கோடி ஆட்களும். சங்கவி கையைப் பிடித்தாள். எழுபத்திரண்டு. ரத்த அழுத்தம் சரி. ஹீமோகுளோபின் பதினைந்து. எடை, கேட்கவே வேண்டாம்.

"சார், நீங்க சூப்பர்" என்றாள் டாக்டர்.

பூவரசனைப் பார்த்து அந்தக் கிளப்பில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் தயங்கி, "என்னையா?" என்று கேட்டார். கட்டிலில் படுத்து, ஊசியைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டார். பை நிரம்பியது. எழுந்து பிஸ்கட்டும் ஜூஸும் எடுத்துக்கொண்டு, நாற்காலி வரிசையைக் கடந்து போகையில், "எறும்புகூட இல்லப்பா, கொசு" என்றார்.

எப்போதும் கடைசியில் வருகிறவர்கள்தான் அன்றைக்கு ஒன்பது பை கொடுத்தார்கள். அவர்களையும் சைக்கிள்களையும் மினிலாரி ஏற்றிக்கொண்டு போனது. கையில் போட்ட பஞ்சைப் பிடிப்பதா, கீறல் விழாமல் சைக்கிளைப் பிடிப்பதா என்று வழி முழுக்க அவர்களுக்குக் கஷ்டம். எடுக்கமாட்டோம் என்று அனுப்பப்பட்டவர்கள் ஜம்மென்று சைக்கிளிலேயே திரும்பினார்கள். பேப்பரில் படம் வந்தது. பேனரைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றவர் புகழேந்தி. பூவரசன் படத்தில் இல்லை. அவர் அப்போது இரண்டாவது ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே பிரம்மதேசம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைத் திண்டிவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிரசவம் ஆகி ரத்தம் நிற்கவில்லை. ஒன்பதில் நாலு பை அவளுக்குப் போனது. பிழைத்துக்கொண்டாள். ஆரோக்கியசெல்வி போய்ப் பார்த்தபோது உதடு வெளுத்து, ஆனால் கண்ணைத் திறந்து, பக்கத்தில் கிடந்த குழந்தையின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். யார் கொடுத்தது, யாருக்குப் போனது என்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. வெளியே வந்து கொஞ்ச நேரம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு பஸ் ஏறினாள்.

பூவரசன் போன் பண்ணி, "மேடம், என்னுது எங்க போச்சுன்னு பார்க்க முடியாதா? பார்சலுக்குக்கூட நம்பர் குடுக்கறாங்களே" என்று கேட்டார்.

"நல்ல எடத்துக்குத்தான் சார் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

புகழேந்திதான் தூங்கவில்லை. பேப்பர் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஷோரூமுக்கு வந்து, "எத்தினி யூனிட் அண்ணே குடுத்தீங்க?" என்று விசாரித்தார்கள். கேள்வி கேட்பவர்கள் டைல்ஸ் வாங்க வந்தவர்கள் என்பதால் முறைக்கவும் முடியாது. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ரத்த வங்கிக்கே வந்துவிட்டார்.

"மேடம், இந்தத் துடிப்ப ஏத்தறதுக்கு என்னா வழி?"

அப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. டாக்டரைப் போய்க் கேட்டு வந்தாள். "இதயத்த ஒரு தடவ பரிசோதனை பண்ணிக்குங்க சார். அதுல ஒண்ணும் இல்லன்னா, கொஞ்ச நாள் சைக்கிள விட்டுட்டு சும்மா இருந்து பாருங்கன்னாங்க. தானா ஏறுமாம்."

இதயம் நன்றாக இருந்தது. சைக்கிளை விடுவதுதான் நன்றாக இல்லை. ஆனாலும் அந்த மனுஷன் விட்டார். பஞ்சரான முகத்தோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் உட்கார்ந்தார். மனைவி தையல்நாயகி, ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகவே டிபன் சாப்பிட்டு வந்தவள், முதல் வாரம் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்தாள். இரண்டாவது வாரம் பூரி போட்டாள். மூன்றாவது வாரம் இரண்டு பேரும் கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். தினமும் காலையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்பது... அம்பத்தி ரெண்டு" என்று அவர் சொல்ல, அடுப்படியிலிருந்து அவள் "இன்னொரு தோசை வைக்கட்டுமா?" என்று கேட்பாள்.

ஐம்பதைத் தாண்டி நன்றாக நிற்கட்டும் என்று காத்திருந்து, ஐம்பத்தைந்தில் அவரிடம் ரத்தம் எடுத்தார்கள். சங்கவியே எடுத்தாள். புகழேந்தி எழுந்து உட்கார்ந்து, பஞ்சை அழுத்தியபடி, "இனிமே ஓட்டலாம் இல்ல?" என்றார்.

"நாளைலேருந்து மெதுவா ஓட்டுங்க சார்."

ஒரு மாதத்தில் அவர் பழையபடி வயிறு ஒட்டி, கன்னம் குழி விழுந்து, நாற்பத்தெட்டுக்கு வந்துவிட்டார். செஞ்சி வரைக்கும் போய் வருவதாகக் கேள்வி. ஆரோக்கியசெல்வி வேறு முகாம் வேலையில் அவரை மறந்தே போயிருந்தாள். அப்போது ஒரு நாள் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான் டைல்ஸ் கடை புகழேந்தி வீட்லேருந்து பேசறேம்மா. அவரு திரும்ப எப்ப ரத்தம் குடுக்கணும்?"

"மூணு மாசம் ஆவணும்க்கா."

தையல்நாயகி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சைக்கிள நிறுத்தச் சொல்லி நீயே போன் பண்ணிச் சொல்லிடறியாம்மா? நான் சொன்னா கேக்க மாட்டாரு."